மூன்றாம் வருடத்துச் சந்தேகங்கள்

நம்பிக்கை: சந்தேகம் வந்துவிட்டது, அப்படியானால் நான் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை.

இப்படிச் சொல்லும் பி.எச்டி. மாணவர்களில் பலர் எம்.எஸ்ஸி.யில் முன்வரிசையில் இருந்தவர்கள், நெட் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கியவர்கள். அதுவரை எழுதிய ஒவ்வொரு தேர்வுக்கும் சரியான விடை எங்கோ ஓரிடத்தில் இருந்தது. விடை யாருக்குமே தெரியாத கேள்வியோடு அவர்கள் உட்காருவது இப்போதுதான்.

ஒரு புரதத்தை பாக்டீரியாவில் வளர்த்துப் பிரித்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 18க்குக் குறைக்கிறார் மாணவி. தூண்டும் வேதிப்பொருளின் அளவை மாற்றுகிறார், பிறகு பாக்டீரியா வகையையே மாற்றுகிறார். ஒவ்வொரு முறையும் ஜெல் ஓட்டி, சாயமேற்றி, விளக்குமேல் வைத்துப் பார்த்தால் புரதம் கரைசலில் இல்லை. அடியில் தங்கிய வண்டலில் தடித்த பட்டையாக நிற்கிறது. இப்படியே ஒரு செமஸ்டர் ஓடிவிடும். கரைய மறுப்பது அந்தப் புரதத்தின் இயல்பு. லேப் நோட்டைத் திருப்பிப் பார்க்கும்போது மாணவிக்கோ அது தன் திறமைக் குறைவாகத் தெரிகிறது.

உயிரியலாளர் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்றாம் வருட மாணவராக இருந்தபோது, தன் சிக்கலைத் தீர்க்க வழி கேட்டு ஹென்றி டாபேவிடம் போனாராம். தனக்கும் தெரியாது என்றார் டாபே. பின்னால் 1983இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர் அவர். அவருக்கே தெரியவில்லை என்றால் யாருக்கும் தெரியாது என்பது ஷ்வார்ட்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடன் படித்த தோழி ஒருவரோ, தன்னை முட்டாளாக உணரவைக்கிறது என்பதற்காகவே பி.எச்டி.யை விட்டுப் போயிருந்தார்.

சந்தேகத்தை மொத்தமாகச் சுமக்காமல் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். உங்கள் சந்தேகம் சோதனை மீதா, கைடு மீதா, பணத்தின் மீதா, இந்தத் தொழில் மீதா? நான்குக்கும் மருந்து வேறு வேறு. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய், எல்லாம் சேர்த்து ஐந்து வருடம். அந்த வருடங்கள் தீர்ந்தபின்னும் தீசிஸ் எழுதி முடியாதவருக்கு வரும் பயம் பணக்கவலை. எந்த ஃபெல்லோஷிப்பும் இல்லாமல் கல்லூரிகளில் பதிவு செய்திருப்பவர்களுக்கு அது முதல் நாளிலிருந்தே உண்டு. அதை அறிவுக்குறை என்று நினைத்துக்கொள்வது தனக்குத் தானே செய்யும் அநியாயம்.

நம்பிக்கை: துறை மாறினால் படித்ததெல்லாம் வீண்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் பி.எச்டி. முடித்தார். அந்தத் துறை தனக்கு ஒட்டவில்லை என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சான் டியேகோவில் மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் நியூட்ரான் சிதறலைக் கொண்டு ரைபோசோமை ஆராய்ந்தபோது பழைய இயற்பியல் கைகொடுத்தது. அதன்பின் ஏறத்தாழ ஐம்பது இடங்களுக்கு ஆசிரியர் வேலை கேட்டு எழுதியும் எதுவும் அமையவில்லை. தேசிய ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்தார். அவருக்குக் கிடைத்த 2009 நோபல் பரிசைவிட, வேலை கிடைக்காத அந்த நடுவருடங்களைத்தான் நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை: பேப்பர் வராமல் தீசிஸ் கொடுக்க முடியாது, ஐந்து வருடம் தாண்டினால் பதிவு ரத்து.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2022 விதிமுறைகளில் பேப்பர் கட்டாயம் இல்லை. கால வரம்பு ஆறு வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக நிபந்தனை வைத்திருக்கலாம். அதைச் சீனியரிடம் கேட்காமல் விதிப் புத்தகத்தில் படியுங்கள். செமஸ்டருக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு முன் நீங்கள் நிற்க வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் உள்ளது. கைடைத் தவிர வேறு பேராசிரியர்களும் உங்கள் வேலையைப் பார்க்கும் இடம் அது. அங்கே எல்லாம் நன்றாகப் போகிறது என்று ஸ்லைடு காட்டிவிட்டு, ராத்திரி விடுதியில் புலம்புவதில் பயனில்லை.

நம்பிக்கை: பி.எச்டி. என்றால் மனச்சோர்வு இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்.

2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஆய்வு 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் கேட்டது, பெரும்பாலோர் பி.எச்டி. மாணவர்கள். 41 சதவீதத்தினரிடம் மிதமான அல்லது கடுமையான பதற்றமும், 39 சதவீதத்தினரிடம் அதே அளவு மனச்சோர்வும் காணப்பட்டன. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் இதை எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் சோர்வு உள்ளவர்களில் பலர் கைடின் துணை கிடைக்கவில்லை என்றதைக் கவனிக்க வேண்டும். சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை என்றால், லேபுக்குள் நுழையவே கால் வரவில்லை என்றால், டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே கூப்பிடுங்கள்.

நம்பிக்கை: பாதியில் விட்டால் வாழ்க்கை போச்சு.

விடுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஊரில் ஒவ்வொரு கல்யாணத்திலும் "இன்னும் முடியலையா?" என்று கேட்கிறவர்கள் நாளைக்கு "ஏன் விட்டே?" என்று கேட்பார்கள். ஆனால் உதவிப் பேராசிரியர் பணிக்கான நெட் தகுதிக்குக் காலாவதி கிடையாது. 2023 ஜூலை முதல் அந்தப் பணிக்கு நெட், செட், ஸ்லெட் இவற்றில் ஒன்றே குறைந்தபட்சத் தகுதி, பி.எச்டி. கட்டாயமில்லை. மருந்து நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு, காப்புரிமைப் பணி, சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனங்கள் என்று முதுகலை அறிவியல் படித்தவர்களுக்கு வேலைகள் உண்டு. ஜெல் ஓட்டிய கையும் தரவை அலசிய கண்ணும் அங்கே வேண்டும். முடிவெடுக்கும் முன் அப்படிப் போன இரண்டு பேரிடமாவது சம்பளம், வேலை நேரம் உட்பட விசாரியுங்கள். முடிவு செய்துவிட்டால், செய்த வேலைக்குச் சான்றிதழும், பின்னால் பேப்பர் வந்தால் உங்கள் பெயர் இருக்கும் என்று கைடிடமிருந்து ஒரு மின்னஞ்சலும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.