நிலக்கடலையும் ஒரு சிட்டிகை நஞ்சும்

வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிலக்கடலைச் சரக்கு நிராகரிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், கூடவே சில நம்பிக்கைகளும் ஊரெங்கும் பரவுகின்றன. நிராகரிப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல் போன்றவற்றில் உண்டாக்கும் இந்த நஞ்சு கல்லீரல் புற்றுநோயைத் தரக்கூடியது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இதைக் கண்டறிந்தார்கள்.

நம்பிக்கை: பணக்கார நாடுகள் விதி எழுதுகின்றன, மற்ற நாடுகள் தலையாட்டுகின்றன.

பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பை ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963-இல் தொடங்கின. இன்று 188 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அதில் உறுப்பினர்கள். அதன் தரங்கள் பரிந்துரைகள்தான்; எந்த நாட்டையும் அவை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் 1995-இல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் அவற்றையே அளவுகோலாக ஏற்றுக்கொண்டது. அதைவிடக் கடுமையான விதி வேண்டும் என்கிற நாடு அதற்கு அறிவியல் காரணம் காட்டியாக வேண்டும். மிளகு, சீரகம் முதலியவற்றுக்குத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் குழுவை 2013 முதல் நடத்துவது இந்தியாவேதான். எனவே நமக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. உறுப்பு நாடுகள் அனுப்பும் பரிசோதனைத் தரவுகளை வைத்தே வரம்புகளைத் தீர்மானிக்கிறார்கள். தரவு அனுப்பாத நாட்டுக்கு அடுத்தவர் விளைச்சலை வைத்து விதி அமையும். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம்பிக்கை: வரம்பு குறையக் குறையப் பாதுகாப்பு கூடும்.

பாதி உண்மை. மேற்கொண்டு பதப்படுத்த வாங்கும் நிலக்கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருக்கலாம் என்கிறது கோடெக்ஸ். அப்படியே சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு 4. இப்படி வரம்பைக் குறைப்பதால் எத்தனை உயிர் பிழைக்கும் என்பதை கோடெக்ஸுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழு 1990-களின் இறுதியில் கணக்கிட்டது. ஹெபடைடிஸ் பி தொற்று நூற்றில் ஒருவருக்கு மட்டும் இருக்கும் ஐரோப்பிய உணவுமுறைச் சமூகத்தில் வரம்பை 20-லிருந்து 10 ஆக்கினால், 100 கோடிப் பேரில் ஆண்டுக்குச் சுமார் 2 புற்றுநோய்கள் குறையும். அந்தத் தொற்று நூற்றில் 25 பேருக்கு இருந்து, நஞ்சேறும் தானியங்களை அதிகம் உண்ணும் சமூகத்தில் அதே மாற்றம் சுமார் 300 புற்றுநோய்களைக் குறைக்கும். காரணம், அந்தக் கிருமி ஏற்கெனவே இருக்கும் கல்லீரலை அஃப்ளாடாக்சின் பல மடங்கு வலுவாகத் தாக்குகிறது. ஆக, கடுமையான வரம்பால் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள் ஏழை நாட்டு மக்கள். கடுமையான வரம்பு நடைமுறையில் இருப்பதோ பணக்கார நாடுகளில். இந்த முரண் என்னை மிகவும் உறுத்துகிறது.

நம்பிக்கை: நன்றாக வறுத்தால் போய்விடும்.

பூஞ்சை சாகும். நஞ்சு ஓரளவுதான் குறையும். குக்கரில் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது.

நம்பிக்கை: இது ஏற்றுமதிக்காரர்களின் தலைவலி.

கடலையை ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாட்டின் உடலில் அது அஃப்ளாடாக்சின் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. கிலோ பாலில் இது 0.5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று இந்தியச் சட்டமும் கோடெக்ஸும் ஒரே அளவைச் சொல்கின்றன. ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒரு பங்குதான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368 இந்த வரம்பைத் தாண்டின. தமிழ்நாட்டில் 551-க்கு 88. எண்ணிக்கையில் மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். நம் வீட்டுக் குழந்தை குடிக்கும் பால் இது. கலப்படம் என்றால் யூரியாவையும் சோப்புத் தூளையும் பற்றிப் பேசுகிறோம்; தீவன மூட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நம்பிக்கை: ஆய்வகச் சான்று கிடைத்தால் சரக்கு சுத்தம்.

இந்த நஞ்சு சரக்கு முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஆயிரம் மணிகள் சுத்தமாக இருக்க, ஒரு சொத்தை மணியில் மட்டும் ஏராளமாக இருக்கும். அதனால்தான் உடைத்த கடலையில் பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மொத்தம் 20 கிலோ சேர்த்து அரைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது கோடெக்ஸ். ஒரு மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வாங்கிய சான்று எதையும் நிரூபிக்காது. நாடுகள் முதலில் ஒத்துப்போக வேண்டியது இந்த மாதிரி எடுக்கும் முறையில்தான். இங்கே ஒரு விதமாகவும் அங்கே வேறு விதமாகவும் எடுத்தால், ஒரே சரக்கு புறப்படும்போது தேறி, போய்ச் சேரும்போது தவறும்.

நஞ்சு சேர்வதோ ஆய்வகத்துக்கு வெகு முன்னால். அறுவடைக்கு முந்தைய வறட்சியில் மண்ணிலேயே தொற்று ஏறுகிறது. பிடுங்கிய செடியைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, எட்டு சதவீத ஈரத்துக்கு உலர்த்தினால் பூஞ்சை அடங்கிவிடும். ஆனால் உடைக்கும்போது பருப்பு நொறுங்காமலிருக்க, உலர்ந்த காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எடை கூடுவதும் ஒரு காரணம். விவசாயியின் பாடு அத்தனையும் அந்த ஒரு வாளித் தண்ணீரில் போய்விடுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஈரப்பதம் பார்த்து, உலர்ந்த காய்க்குக் கூடுதல் விலை கொடுத்தால் அந்த வாளியைத் தூக்க யாருக்கும் அவசியம் இருக்காது.