காட்டின் கணக்கேடு

நீலகிரி மாவட்டத்தில், கேரள, கருநாடக எல்லைகளை ஒட்டி முதுமலைக் காடு அமைந்துள்ளது. வறண்ட காலத்தில் இலையுதிர்த்து, மழை பெய்ததும் தளிர்க்கும் காடு அது. தேக்கு, கருமருது, வெண்தேக்கு முதலிய மரங்கள் அங்கு வளர்கின்றன. யானைகள் கிளைகளை ஒடித்தும் பட்டையை உரித்தும் உண்கின்றன. சில ஆண்டுகளில் காட்டுத்தீயும் பரவுகிறது. இவற்றிடையே அக்காடு வளர்கிறதா, தேய்கிறதா? ஒருமுறை பார்த்து இதற்கு விடை கூற இயலாது.

ஆகவே, பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1988ஆம் ஆண்டு அங்கு நிலையான ஆய்வு நிலம் ஒன்றை அமைக்கத் தொடங்கினர். அதன் நீளம் 1000 மீட்டர். அகலம் 500 மீட்டர். பரப்பு 50 ஹெக்டேர்.

இத்தகைய நிலத்தை அமைப்போர் முதலில் எல்லையை அளந்து குறிப்பர். பின்னர் அதனைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, மூலைகளில் அடையாளம் நடுவர். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 1 செ.மீ. விட்டத்திற்குக் குறையாத ஒவ்வொரு மரத்திற்கும் எண் பொறித்த தகடு இடுவர். அதன் இனம், இருப்பிடம், தண்டின் பருமன் ஆகியவற்றை ஏட்டில் பதிவர்.

மரத்தின் அடி பருத்தும் மேற்பகுதி சிறுத்தும் இருக்கும். மறுமுறை ஒரு சாண் மேலே அளந்தால், வளர்ந்த மரமும் மெலிந்ததாகத் தோன்றும். எனவே அளந்த இடத்தில் வண்ணக்கோடு இடுவர். வறட்சியில் நீர் குறைந்து தண்டு சற்றுச் சுருங்கும்; ஆதலால் ஒரே பருவத்தில் அளப்பதே முறை.

முதுமலையில் இறந்த மரங்களும் புதிதாக வளர்ந்தவையும் ஆண்டுதோறும் கணக்கிடப்பட்டன. தண்டுகள் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை அளக்கப்பட்டன. பட்டுப்போன மரம் தீயால் மடிந்ததா, யானையால் மடிந்ததா என்பதும் பதிவாயிற்று. இறந்தவற்றை விட்டு இருப்பவற்றை மட்டும் அளந்தால், காடு என்றும் செழிப்பதாகவே தோன்றும் அன்றோ? தீயில் இளமரங்களே மிகுதியாக மடிகின்றன, பருத்த மரங்கள் பெரும்பாலும் பிழைக்கின்றன என்பதை அப்பதிவுகள் காட்டின.

மரத்தின் வாழ்நாள் மனிதரின் பணிக்காலத்தினும் நீண்டது. அளக்கத் தொடங்கியவர் ஓய்வு பெற்ற பின்னரும், மற்றொருவர் அதே எண்ணுடைய மரத்தை அதே கோட்டில் அளத்தல் வேண்டும்.

சொற்பொருள்
தேய்தல் – குறைதல்
பருமன் – தடிப்பு
பட்டுப்போதல் – மரம் உலர்ந்து இறத்தல்

பயிற்சி
1. தண்டில் வண்ணக்கோடு இடுவது ஏன்?
2. இறந்த மரங்களையும் பதிவு செய்யாவிடில் என்ன பிழை நேரும்?
3. சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். சுற்றளவு 62.8 செ.மீ. எனில் விட்டம் எவ்வளவு?
4. பள்ளி வளாகத்தில் உள்ள ஒரு மரத்தை அளந்து, அதன் பெயர், இடம், சுற்றளவு, நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதுக. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மீண்டும் அளந்து ஒப்பிடுக.