மூலிகைப் பண்டங்களும் நொதுமலர் சோதனையும்

பகைவரும் நண்பரும் ஆகாத நடுநிலையாளரை நொதுமலர் என்பது பழைய வழக்கு. ஒரு பண்டத்தை விற்பவனுக்கு அதன் புகழால் ஊதியம் உண்டு. வாங்குபவனுக்கோ அதனுள் இருப்பதை அறியும் கருவி இல்லை. இவ்விருவர்க்கும் இடையே எப்பக்கமும் சாயாது நின்று, பண்டத்தைப் பகுத்தாராய்ந்து உள்ளதை உள்ளவாறு உரைக்கும் ஆராய்ச்சிச் சாலையின் தொழிலையே ஈண்டு நொதுமலர் சோதனை என்கின்றோம்.

மூலிகைகளுக்கு இச்சோதனை சிறப்பாக வேண்டப்படுவது எற்றுக்கு? இலையும் வேரும் முழுமையாய் இருக்குங்கால் கண்ணும் மூக்கும் நாவும் அவற்றை ஒருவாறு அறியும். பொடித்துக் குளிகையாக்கிய பின்னரோ, கைதேர்ந்த வைத்தியரும் அறிதல் அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1994-ஆம் ஆண்டின் சட்டம் இவற்றை உணவின்பாற் படுத்தமையால், மருந்துகளைப் போல விற்பனைக்கு முன் அரசாங்கத்தின் ஒப்புதல் பெற வேண்டுவதில்லை. 2007-இல் ஏற்பட்ட விதிகள் மூலப்பொருளின் அடையாளத்தைச் செய்பவரே சோதித்தறிதல் வேண்டும் எனப் பணித்தன. எனினும் தன் சரக்கைத் தானே மதிப்பிடுவோனுடைய சொல்லை மட்டும் நம்பியிருத்தல் இயலாதன்றோ? ஆதலின் 1820-இல் தோன்றிய யூ.எஸ்.பி., 1944-இல் தோன்றிய என்.எஸ்.எப். போன்ற கழகங்கள், தம்பால் வரும் பண்டங்களை ஆராய்ந்து, தேறியவற்றிற்கு முத்திரை அளிக்கின்றன. இதற்கு உட்படுதலும் உட்படாமையும் உற்பத்தியாளர் விருப்பமே.

அடையாளம் பிறழ்வதால் விளையும் கேட்டிற்குப் பெல்ஜியம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றே சான்றாகும். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க விரும்பிய மாதர் பலர் சீன மூலிகைகள் கலந்த குளிகைகளை உட்கொண்டனர். ஸ்டெபானியா என்னும் வேர் சேர வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா என்னும் வேர் சேர்ந்துவிட்டது. சீன மொழியில் முன்னதற்கு ஹான் பாங் ஜி என்றும், பின்னதற்கு குவாங் பாங் ஜி என்றும் பெயர். பெயர் ஒப்புமையால் நேர்ந்த மயக்கம் நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்களைக் கெடுத்தது. 2000-இல் வெளியான ஆராய்ச்சியில், செயலிழந்த சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேருள் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோய் காணப்பட்டது. நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையும் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்ததே என்பதை நாம் மறத்தலாகாது.

சோதனைச் சாலை விடுக்கும் வினாக்கள் நான்கு. சீட்டிற் கூறிய மூலிகைதானா இது? கூறிய அளவு உண்டா? ஈயம், பாதரசம், பாஷாணம், பூச்சிமருந்து, நோய்க்கிருமி முதலியன கலந்துள்ளனவா? சீட்டிற் சொல்லாத ஆங்கில மருந்து ஏதேனும் மறைவாகச் சேர்க்கப்பட்டுளதா? 2004-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, பாஸ்டன் நகரத்துக் கடைகளில் வாங்கிய, தென்னாசியாவிற் செய்த 70 ஆயுர்வேதப் பண்டங்களுள் 14-இல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருக்கக் கண்டது.

ஒரு முறையே எல்லா வினாக்களுக்கும் விடை தாராது. கிங்கோ இலைச் சத்தில் பிளேவனால் வகைப் பொருள்கள் நூற்றுக்கு 24 பங்கு இருத்தல் வேண்டும் என்பது வணிகர் வழக்கு. மொத்த அளவை மட்டும் நோக்கினால், மலிவான ரூட்டினைச் சேர்த்து அவ்வளவை நிரப்பும் வஞ்சகம் புலப்படாது. கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி முறையில் அது வெளிப்படும். 2015-இல் நியூயார்க் மாநிலத்துத் தலைமைச் சட்ட அதிகாரி டி.என்.ஏ. முறையாற் சோதிப்பித்து, பல பண்டங்களில் மூலிகையே இல்லை என்றார். காய்ச்சி வடித்த சத்தில் டி.என்.ஏ. சிதைந்துபோதல் கூடுமாதலின், அம்முறை பொருந்தாது என அறிஞர் பலர் மறுத்தனர். சோதித்தோம் என்பது மட்டும் போதாது. பொருளுக்கேற்ற முறையாற் சோதித்தோமா என்பதே வினா.

ஆகவே சோதனைப் பத்திரம் ஒன்று கைக்கு வருமாயின், பின்வருவனவற்றை நோக்குக. சோதித்த சாலை ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் தரவிதிப்படி அங்கீகாரம் பெற்றதா? பத்திரத்திலுள்ள தொகுதி எண்ணும் புட்டியிலுள்ள எண்ணும் ஒன்றா? மாதிரியைக் கடையிலிருந்து சாலையார் எடுத்தனரா, உற்பத்தியாளரே தெரிந்து அனுப்பினரா? முறையும் நாளும் வரம்பளவும் குறிக்கப்பட்டுளவா? 'காணப்படவில்லை' என்பது, கருவியின் கண்ணுக்கு எட்டவில்லை என்னும் பொருளதே. அறவே இல்லை என்பதன்று. ஆதலின் அக்கருவி எவ்வளவு நுண்ணியதைக் காணும் என்பதும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

இறுதியாக, இச்சோதனையின் எல்லையையும் உணர்தல் நன்று. நோய் தீரும் என இஃது உறுதி கூறுவதில்லை. அரிஸ்டோலோக்கியாவை அப்பெயராலேயே விற்பின், அஃது அடையாளச் சோதனையில் தேறும். ஆயினும் நஞ்சு நஞ்சே. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை மாசற்றதாயினும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் உண்ணும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை இரத்தத்திற் குறைத்து இடர் விளைக்கும். தூய்மை வேறு; நன்மை வேறு. முன்னதைச் சோதனைச் சாலை சொல்லும். பின்னதை நோயாளியை அறிந்த வைத்தியரே சொல்லவேண்டும். மாணவ நண்பர்களே, வீட்டிலுள்ள முதியோர் புட்டியொன்றைக் கையில் எடுக்கும்போது, அதன் சீட்டை அவர்க்குப் படித்துக் காட்டுங்கள். இவ்விரு வினாக்களையும் அவர் சார்பில் நீங்களே கேளுங்கள். கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்படும் வழிகளுள் இதுவும் ஒன்றாம்.