பல நூற் பயிற்சியும் எழுதும் திறமும்

அனுப்பம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகளைப் பழவேற்காடு ஏரி பற்றி எழுதச் சொன்னால், பெரும்பாலோர் 'இயற்கை அன்னையின் கொடை' என்றே தொடங்குவர். படகும் வலையும் நாள்தோறும் காண்பவர்க்கு அச்சொற்கள் ஏட்டில் வருவதில்லை. ஒரே துணைநூலை மனனம் செய்வதன் விளைவு இது. ஆசிரியப் பயிற்சியில் மாதிரிக் கட்டுரைகளை எழுதிக்கொடுத்த நமக்கும் இக்குற்றத்தில் பங்குண்டு.

டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1880இல் குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியரானபொழுது அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எனப் பலவும் கற்றிருந்தார். முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவியபொழுதே தாம் கல்லாத பரப்பை உணர்ந்தார். திருத்தக்க தேவரின் சமயச் சொற்கள் விளங்காமையால் குடந்தைச் சமணர்பால் சென்று கேட்டறிந்தார். திருவாவடுதுறைச் சைவ மடத்தில் பயின்ற ஒருவர்க்கு இது சிறு செயலன்று. நச்சினார்க்கினியர் உரையில் பெயர் சுட்டாது வரும் மேற்கோள்களின் மூலத்தைத் தேடியே சங்கநூற் சுவடிகளுள் புகுந்தார். சிந்தாமணி 1887இலும் பத்துப்பாட்டு 1889இலும் அச்சேறின.

அத்துணை நூல் கற்றவர் 1940இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபொழுது நடை மிக எளிதாயிருந்தது. பல நடைகளைக் கண்டவர்க்கே, எச்சொல் வேண்டா என்பதும் தெரியும்.

நம் இல்லப் பிள்ளைகள் சிந்தாமணிக் கதையை உரைநடையிலும், நாலடியாரைப் பொருளுடனும், நாளிதழையும், பயண நூல்களையும் மாற்றி மாற்றி வாசிக்கட்டும். வாரம் ஒருமுறை, நூல்களை மூடிவைத்துத் தாம் கண்டதொன்றைப் பத்து வரிகளில் எழுதட்டும். அதனைப் பெரியோர் உரக்க வாசிக்கச் செய்து கேட்க வேண்டும்; சிவப்பு மையைப் பிறகு எடுக்கலாம்.