கணிப்பொறிக் கோப்புகளைப் பூட்டும் நச்சுநிரல்: வணிக நிலையங்களின் தற்காப்பும் மீட்பும்

திருடன் ஒருவன் பெட்டியைத் தூக்கிச் செல்லாமல், அதற்குத் தன்னுடைய பூட்டை மாட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்பானாகில் எவ்வாறிருக்குமோ, அவ்வாறே வேலை செய்வது ரான்சம்வேர் எனப்படும் நச்சுநிரல். கணிப்பொறியினுள் புகுந்து, அது கணக்குகள், சரக்குப் பட்டியல்கள், கடிதங்கள் ஆகியவற்றை மறைகுறியாக மாற்றிவிடுகிறது. அம்மறைகுறியை நீக்கும் சாவி குற்றவாளியிடம் மட்டுமே இருக்கும். பூட்டுவதற்கு முன்பே கோப்புகளைக் களவாக நகலெடுத்துக்கொண்டு, பணம் தராவிடில் அவற்றை வெளியிடுவதாக அச்சுறுத்தும் வழக்கமும் இப்பொழுது பரவியிருக்கிறது.

இந்நிரல் நுழையும் வாயில்கள் மூன்று. பட்டியல் அல்லது வங்கி அறிவிப்பு என்ற பெயரில் வரும் மின்னஞ்சலின் இணைப்பு ஒன்று. வெளியூரிலிருந்து அலுவலகக் கணிப்பொறியை இயக்குவதற்கென வைக்கப்பட்ட எளிய கடவுச்சொல் மற்றொன்று. திருத்தப்படாத மென்பொருட் குறை மூன்றாவது. மூன்றாவதன் கொடுமையை 2017 மே 12ஆம் நாள் பரவத் தொடங்கிய வான்னாக்ரை உலகுக்கு உணர்த்திற்று. அது பயன்படுத்திய விண்டோஸ் குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத காலம் திருத்தத்தைப் பொருத்தாதிருந்த இயந்திரங்களே பெரும்பாலும் இரையாயின.

எனினும், எல்லா வாயில்களையும் எக்காலமும் அடைத்து வைத்தல் எவராலும் இயலாது. ஆகையால் புகுந்தபின் மீளும் வழியே இப்பாடத்தின் முக்கிய பகுதியாகும். இதற்கு மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் அனுபவத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

2017 ஜூன் 27ஆம் நாள் நாட்பெட்யா என்னும் நிரல், உக்ரைன் நாட்டில் வரிக் கணக்குக்காக வழங்கி வந்த ஒரு மென்பொருளின் புதுப்பிப்பு வாயிலாகப் பரவியது. மெர்ஸ்க் நிறுவனத்தின் கணிப்பொறிகள் உலகெங்கும் முடங்கின. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் இயக்கிய சரக்கு முனையத்திலும் வேலை தடைப்பட்டது. நாட்பெட்யா பணம் கேட்டதேயன்றி, கொடுத்தவருக்கும் கோப்புகளைத் திருப்பித் தரும் வழி அதனிடம் இருக்கவில்லை. பணத்தை நம்பியிருத்தல் எத்துணைப் பேதைமை என்பதற்கு இஃதொன்றே போதும்.

அந்நிறுவனத்தில் பல சர்வர்களின் காப்புநகல்கள் இருந்தன. ஆனால், எந்தப் பணியாளர் எந்த இயந்திரத்தைத் திறக்கலாம் என்று தீர்மானிக்கும் தலைமைப் பதிவேடு ஏறத்தாழ 150 சர்வர்களில் வைக்கப்பட்டிருந்தது. ஒன்றுக்கொன்று நகலாக இருப்பதால் ஒன்று கெட்டால் மற்றது உதவும் என்பது ஏற்பாடு. அவை அனைத்தும் ஒரே வலையில் இணைந்திருந்தமையால் யாவும் ஒருங்கே அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் தாக்குதலுக்கு முன் மின்சாரம் தடைப்பட்டு ஒரு சர்வர் வலையினின்று அறுந்திருந்தது; அது தப்பியது. அங்கிருந்து கம்பி வழியே அனுப்ப நேரம் போதாமையால், அதன் வட்டு நைஜீரியா வழியாக விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. பின்னர் பத்து நாட்களில் 4,000 சர்வர்களும் 45,000 கணிப்பொறிகளும் புதிதாக நிறுவப்பட்டன. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது.

புதுடில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பரில் ஐந்து சர்வர்களில் ஏறக்குறைய 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டபோதும், பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரிலிருந்தே நோயாளர் பதிவுகள் மீட்கப்பட்டன. இடைப்பட்ட இரு வாரங்கள் காகிதமும் பேனாவுமே துணைநின்றன.

ஆகவே, இணைந்தே இருக்கும் நகலை நகலென்று எண்ணலாகாது. சிறு வணிகர் பலர் யு.எஸ்.பி. வட்டு ஒன்றைக் கணிப்பொறியில் செருகியபடியே விட்டுவைக்கின்றனர். நச்சுநிரல் அதனையும் சேர்த்தே பூட்டும். இணையச் சேமிப்பகத்தோடு தானாக ஒத்திசையும் கோப்புறையும் பூட்டப்பட்ட கோப்பையே அங்கே அனுப்பிவைக்கும். பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் வசதி இருந்தால் மட்டுமே அது பயன்படும். மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில் என்பது நெடுங்கால வழக்கு. வாரத்துக்கொன்றாக இரண்டு வட்டுகளை மாற்றி மாற்றி நகலெடுத்து, கழற்றிய வட்டை வீட்டில் வைத்தல் சிறு கடைக்குப் போதுமானது. ஆனால் வாரம் ஒருமுறை நகலெடுப்பவர், ஒரு வாரத்துப் பற்றுவரவை மறுபடி எழுத ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

மீட்பதற்கான நேரத்தையும் முன்னரே கணக்கிடல் நன்று. 500 கிகாபைட் தகவலை, வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பின் வழியே இறக்க 40,000 வினாடிகள், அதாவது 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வினாடிக்கு 100 மெகாபைட் படிக்கும் வட்டிலிருந்து 5,000 வினாடிகளே தேவை. பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ள எட்டு மடங்கு வேற்றுமையை மாணவர்க்கு விளக்க இக்கணக்கு ஏற்றது. இவை காகிதக் கணக்குகள். நடைமுறையில் நேரம் கூடுமேயன்றிக் குறையாது. அதனால் மூன்று மாதத்துக்கொருமுறை, வேறொரு கணிப்பொறியில் நகலை மீட்டு, சென்ற மாதத்து இருப்புத்தொகை சரியாக வருகிறதா என்று பார்த்தல் வேண்டும். களப்பணியாளர் ஒரு நிலையத்துக்குச் செல்லும்போது, நகல் உண்டா என்று வினவுவதோடு நில்லாமல், கடைசியாக அதனை மீட்டுப் பார்த்த தேதியையும் கேட்டல் தகும்.

தாக்குதல் நேர்ந்த வேளையில் முதற்பணி வலைக்கம்பியை உருவி, வைஃபையை நிறுத்துவது. காப்பு வட்டைப் பதற்றத்தில் அந்த இயந்திரத்திலேயே செருகிவிடுதல் அடிக்கடி நேரும் பிழை. பூட்டப்பட்ட கோப்புகளையும் அழித்தலாகாது. 2016இல் ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் பிறரும் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ திட்டத்தில் சிலவகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவிகள் கிடைக்கின்றன. நம் நாட்டில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த கட்டளைப்படி, நிறுவனங்கள் இத்தகைய நிகழ்ச்சியை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவித்தல் வேண்டும். 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகாரும் செய்யலாம். இவ்வெண்கள், கணிப்பொறி பழுதுபார்ப்பவரின் முகவரி, காப்பு வட்டுகள் இருக்குமிடம் ஆகியவை தாளில் எழுதப்பட்டுக் கல்லாப்பெட்டியருகே இருத்தல் நலம்.

நிரல் எவ்வழியே புகுந்தது என்று கண்டு அவ்வழியை அடைத்த பின்னரே மீட்பைத் தொடங்க வேண்டும். வட்டை முழுவதும் துடைத்து இயக்குதளத்தைப் புதிதாக நிறுவுதல், திருத்தங்களைப் பொருத்துதல், எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுதல், அதன்பின் கணக்கு, பின்னர் சரக்கிருப்பு, கடைசியில் கடிதங்கள் என்ற வரிசையில் வேலை நடைபெறும். அதுவரை ரசீதுகளை அச்சிட்ட பழைய புத்தகத்திலேயே எழுதிக்கொடுக்கலாம்.