கைவிடப்பட்ட ஆக்சலாட்டலுக்கு ஒரு நீர்த்தொட்டி

மெக்சிகோ நகரின் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், சொச்சிமில்கோ என்னும் இடம் இருக்கிறது. பழைய ஏரி ஒன்றின் மிச்சமாக அங்கே கால்வாய்கள் ஓடுகின்றன. ஆக்சலாட்டல் என்னும் விலங்கு இயற்கையாக வாழ்வது இன்று அங்கே மட்டும்தான்.

இது மீன் அன்று. தவளையைப் போல இருவாழ்வி இனத்தைச் சேர்ந்தது. தலைப்பிரட்டை வளர்ந்ததும் செவுள்களை இழந்து கரையேறுகிறது அல்லவா? ஆக்சலாட்டலோ முட்டையிடும் பருவம் வந்த பின்னும், இறகு போன்ற செவுள்களுடன் நீரிலேயே வாழ்கிறது. கால் துண்டிக்கப்பட்டால் புதிய கால் முளைக்கிறது!

1998-இல் சொச்சிமில்கோவில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 ஆக்சலாட்டல்கள் இருந்தன. 2014-இல் கணக்கிட்டபோது சுமார் 36 மட்டுமே எஞ்சியிருந்தன. ஆனால், ஆய்வுக்கூடங்களிலும் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளிலும் இவை ஏராளமாக வளர்க்கப்படுகின்றன. 2021-இல் மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் இடம்பெற்றதும் சிறுவர்களிடையே இதன் புகழ் பெருகியது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது என்பதை அறியாமல் வாங்கிவிட்டுப் பிறகு கைவிடுபவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட ஓர் ஆக்சலாட்டல், கோடைக்காலத்தில், இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். வாளியிலுள்ள நீரின் வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ். விலங்கு உணவை மறுக்கிறது. உடனே ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, நீர் நிரப்பி, அதில் விட்டுவிடலாமா? கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

விலங்கின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. இது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சுதான். வேறுவகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதன் தீமை மிகக் குறைவு; வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றினால் போதும். புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். விலங்கோ இன்றே வந்துவிட்டது!

ஆகவே இரண்டு பாத்திரங்கள் தேவை. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் குளோரின் நீக்கிய நீரை நிரப்பி, விலங்கை அதில் விட்டு, நாள்தோறும் நீர் முழுவதையும் மாற்ற வேண்டும். நீரின் வெப்பநிலையைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். திடீர் மாற்றமும் தீங்கே. கண்ணாடித் தொட்டியில், விலங்கு இல்லாமலே, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியா சேர்த்து வடிகட்டியை ஓடவிட வேண்டும். சேர்த்த அம்மோனியா முழுவதும் 24 மணி நேரத்தில் நைட்ரேட்டாக மாறி, சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று வந்தால் துப்புரவாளர்கள் தயார். நீரில் பெரும்பகுதியை மாற்றிக் குளிர்வித்த பிறகு விலங்கை விடலாம்.

வெப்பம் செய்யும் மூன்று தீமைகள்

ஆக்சலாட்டலுக்கு உகந்தது 16 முதல் 18 டிகிரி. 24 டிகிரியைத் தாண்டினால் அது துன்புறும். காரணங்கள் மூன்று.

முதலாவது, நீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 15 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 25 டிகிரியில் 8.3 மில்லிகிராம் மட்டுமே. இரண்டாவது, சூடு ஏற ஏற விலங்கின் உடல் வேதிவினைகள் விரைவடைந்து அதன் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வரவு குறையும்போது செலவு பெருகுகிறது! மூன்றாவது, சற்றுக் காரத்தன்மையுள்ள ஒரே நீரில், 15 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குச் சென்றால், அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ இரு மடங்காகிறது.

பனிக்கட்டியா, விசிறியா?

80 லிட்டர் தொட்டியைக் குளிர்விக்க, நீர் உறைந்த ஒரு லிட்டர் பாட்டிலை மிதக்கவிடுவோம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி தேவை. 1,000 கிராமுக்கு 80,000 கலோரி. தொட்டி நீர் 80,000 கிராம். ஆக, வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி குறையும். உருகிய நீர் சூடாவதையும் சேர்த்தால் இன்னும் சிறிது குறையும், அவ்வளவுதான்.

இப்போது நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு விசிறியை ஓடவிடுங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 585 கலோரி தேவை. ஒரு லிட்டர் ஆவியானால் 5,85,000 கலோரி வெளியேறும். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராவிட்டால், தொட்டி 7 டிகிரிக்கு மேல் குளிரும்! நம் வீட்டு மண்பானை செய்யும் வேலையும் இதுவே.

ஆனால் அறையிலிருந்து வெப்பம் ஓயாமல் உள்ளே வருவதால், விசிறியால் அறை வெப்பநிலைக்குச் சில டிகிரி கீழேதான் இறக்க முடியும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் அதுவும் நடவாது. 2022 ஜூலையில் இங்கிலாந்திலேயே வெப்பநிலை முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அத்தகைய நாள்களில் மின்சாரக் குளிர்விப்பான் இன்றி வேறு வழியில்லை. நம் கடலோர ஊர்களில் அது ஆண்டு முழுவதும் ஓட வேண்டியிருக்கும். ஆகவே, இந்த விலங்கை இங்கே வளர்க்க ஆசைப்படாமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் நன்மை.

தொட்டிக்குள்

அடியில் மெல்லிய மணல் மட்டும் இருக்கலாம். கூழாங்கற்களை இட்டால் இரையோடு விழுங்கிவிடும், குடல் அடைபடும். கண்ணுக்கு இமை இல்லாததால் பளிச்சென்ற விளக்கு வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு வேண்டும். வடிகட்டியின் நீரோட்டம் மென்மையாக இருக்க வேண்டும். உணவு மண்புழு. மீன்களைச் சேர்க்கக் கூடாது. அவை செவுள்களைக் கடிக்கும். வளர்க்க இயலாத நிலை வந்தாலும் ஊர்க் குளத்தில் மட்டும் விட்டுவிடக் கூடாது.

செய்து பாருங்கள்

ஒரே அளவான இரண்டு அகன்ற பாத்திரங்களில் ஒவ்வொரு லிட்டர் நீர் ஊற்றுங்கள். ஒன்றை விசிறியின் கீழும் மற்றொன்றைக் காற்றுப் படாத இடத்திலும் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டின் வெப்பநிலையையும் நீரின் அளவையும் குறியுங்கள். மழை நாளில் மீண்டும் செய்து ஒப்பிடுங்கள்.

விசிறியின் கீழ் 20 கிராம் நீர் குறைந்தது என்றால், கணக்குப்படி வெப்பநிலை சுமார் 12 டிகிரி இறங்கியிருக்க வேண்டும். உங்கள் தெர்மாமீட்டர் அவ்வளவு காட்டாது. ஆவியாவதற்கு வேண்டிய மீதி வெப்பம் எங்கிருந்து வந்தது? சிந்தித்து விடை எழுதுங்கள்.