பிடிவாதமா, உபாதையா?



தட்டைத் தள்ளிவிட்டு எழுகிற பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்கிறோம். செல்லம் கொடுத்துக் கெடுத்தாள் என்று தாயையும் பழிக்கிறோம். பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்களும், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்றே கேட்டார்கள். இருவருமல்ல என்றார் ஆண்டவர் (அருளப்பர் 9-ம் அதிகாரம்). இந்த வாரம் இரண்டு காரியங்களைக் கற்றுக்கொள்வோம்.

முதலாவது, குடலைப் பற்றியது. கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. சீலியாக் நோயுள்ளவர்களுக்கு அது சிறுகுடலைக் கெடுக்கும். பேதி, இரத்தசோகை, வளர்ச்சிக்குறைவு உண்டாகும். சிலருக்கு வயிற்றுக்கோளாறு தெரியாமலே நரம்பு பாதித்துக் கைகால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். கோதுமையை விலக்கினால் இப்பிள்ளைகள் தேறுவார்கள் என்பதை ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் டிக்கே 1950-ல் தம் ஆராய்ச்சியில் காட்டினார். நம் அரிசி, கம்பு, சோளம், வரகு ஆகியவற்றில் இத்தீங்கு இல்லை. சப்பாத்தி, ரவை, சேமியா, பரோட்டாவில் உண்டு. கடைப் பெருங்காயம் பலவற்றிலும் மாவு கலந்திருக்கும்.

இரண்டாவது, மூளையின் அமைப்பைப் பற்றியது. டாக்டர் லியோ கானர் 1943-ல் விவரித்த ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு, குழைந்த சோறும் வழுவழுப்பான வெண்டைக்காயும் தாங்கவொண்ணாத வேதனை. திருவிழா வேட்டுக்கும் காதைப் பொத்திக்கொள்வார்கள். இன்னதென்று அறியாமலே முதுமை அடைந்தவர்களும் உண்டு. 2016-ம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தை ஊனங்களின் பட்டியலில் சேர்த்து, உதவி பெற வழி செய்தது. கோதுமையை நிறுத்தினால் ஆட்டிசம் தீரும் என்று சொல்லுவோரை நம்பவேண்டாம். அதற்குத் தக்க அத்தாட்சி இல்லை.

திருச்சபைத் தாய் இவர்களை மறக்கவில்லை. நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனதாகவே இருக்கவேண்டும். ஆயினும், குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை உபயோகிக்கலாம். அதுவும் ஒவ்வாதவர்கள் இரசத்தின் குணத்தில் மட்டும் திவ்விய நன்மை வாங்கலாம் என்று 2003-ல் உரோமை தெளிவாக்கியது. குளூட்டன் குறைந்த அப்பத்திற்கு ஆயரின் அனுமதி வேண்டும். அப்பத்தின் தொடுகை நாவுக்கு ஒவ்வாத பிள்ளைக்கு ஒரு சிறு துணுக்கே போதும். அதிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார்.

பெற்றோர் செய்யவேண்டியவை:

1. அடித்து ஊட்டாதீர்கள். எது ஒவ்வவில்லை என்று கவனித்து எழுதி வையுங்கள்.

2. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலாவது வேறிடத்திலாவது குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு முன் நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும்.

3. புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்கு இத்தகைய உபாதை இருந்தால், வெட்கப்படாமல் முன்கூட்டியே என்னிடம் சொல்லுங்கள்.

ஆண்டவருடைய பந்தியில் இடமில்லாத பிள்ளை நம் பங்கில் ஒன்றும் இருக்கலாகாது.

உங்கள் பங்குக்குரு